உயிரோட இருக்கறவனுக்குக் கலர் போட்டோ

நான் கத்திப் பேர் வாங்குனவன். பாடிப் பேர் வாங்குனவன்னு சொல்லத்தான் ஆசை, ஆனா அது பொய். மதுரையில காலேஜ் படிக்கிறப்ப சேந்த கூட்டம் எங்க ராக் பேண்டு. அப்புறம் சென்னைக்குப் போனோம். மேடைக்கு முன்னாடி நிக்கிற பயலுக சட்டையைக் கழட்டிச் சுத்துவானுக. நான் மைக்கு ஸ்டாண்டைத் தலைக்கு மேல தூக்கிட்டு அடிவயித்துலேருந்து கத்துவேன். எனக்கு வலது பக்கம் கிடாருக்காரன் நிப்பான். பாட்டுக்கெல்லாம் மெட்டு அவன் போட்டது, வார்த்தை நான் எழுதுனது. சென்னைக்குப் போன புதுசுல ஒரே ரூம்ல, ஒரே பாயில கிடந்து, ஒரே டீயை ரெண்டாப் பிரிச்சுக் குடிச்சவங்க நாங்க. அவன் என்னை மாப்ளேம்பான். நானும் அவனை மாப்ளேம்பேன். வேற பேர் சொல்லிக் கூப்பிட்டதா ஞாபகமே இல்ல.

தொண்டையில ஒரு கட்டி வந்துச்சு. பயப்படுற வியாதி இல்ல, கத்துறவனுக்கு வர்றதுதான்னாரு டாக்டரு. ஆபரேஷன் பண்ணுனாங்க. பல மாசத்துக்கு வாயே திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. நான் ஊமையா வீட்டுல உக்காந்திருந்த அந்த நாள்லயே இவனுக வேற ஒரு பயலைப் பிடிச்சு மேடையில ஏத்தி, என் பாட்டை எல்லாம் பாட வெச்சுட்டானுக. எங்கிட்ட ஒருத்தனும் சொல்லல. யாரோ போன்ல அனுப்புன வீடியோவுல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நான் நிக்கிற இடத்துல எவனோ நிக்கிறான். வலது பக்கம் என் மாப்ளே கண்ணை மூடி வாசிச்சுக்கிட்டு இருக்கான். நல்லா வயிறு எரிஞ்சு திட்டலாம்னா அதுக்கும் தொண்டை இல்ல. பேப்பர்ல எழுதிக் காட்டியா சண்டை போடுறது? பெட்டியைக் கட்டிக்கிட்டு சொந்த ஊரு போடிக்கே வந்துட்டேன்.

வந்தது வந்ததுதான். அதுக்கப்புறம் அந்தப் புதுப் பயலும் ஓடிட்டான், பேண்டும் கலைஞ்சு போச்சுன்னு காதுல விழுந்துச்சு. எனக்குச் சந்தோஷமா இருக்கணும், இல்லையா? இல்ல. சென்னையில இருந்தப்ப எனக்கு ஒரு கல்யாணமும் ஆகி, அங்கயே முறிஞ்சும் போச்சு. போடியில அப்பா விட்டுட்டுப் போன வீடு. குரங்கணிக்கு மேல மலையில அவரு வெச்ச கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். வீட்டுல நான் ஒருத்தன். சோறு வடிச்சா காலையிலயும் அதே, ராத்திரியும் அதே. பேச ஆள் இல்லாத வீட்டுல டிவியைப் போட்டுவிட்டுட்டு நான் பாட்டுக்கு அடுப்படியில நிப்பேன். அதுல செய்தி வாசிக்கிற பொண்ணு வணக்கம் சொன்னா, சில நாள் நானும் பதிலுக்கு வணக்கம் சொல்லியிருக்கேன். சிரிக்காதீக, தனியா இருந்து பாத்தாத் தெரியும்.

காய் எடுப்பு நாள்ல பக்கத்துச் சிலமலையிலேருந்து வேலைக்கு வர்ற பொம்பளைகளோட ஜீப்புல மேல போவேன். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல நிக்கும், காய் என்னமோ தூருல, தரையோட தரையாக் காய்க்கும். அதனால எடுக்கறவுக குத்துக்கால் போட்டு உக்காந்து செடிக்குள்ள புகுந்துருவாக. ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது, பேச்சு மட்டும் வரும். "அண்ணே, நீங்க மெட்ராசுல பெரிய பாட்டுக்காரராம்ல, ஒண்ணு எடுத்து விடுங்க"ன்னு ஒரு நாள் ஏதோ ஒரு செடிக்குள்ளேருந்து குரல் வந்துச்சு. கத்துற குரல் போயிருச்சு. மிச்சம் இருந்தது காத்தும் கரகரப்பும் கலந்த ஒண்ணு, அடங்குன குரல். கூச்சப்பட்டுக்கிட்டே மெதுவாப் பாடுனேன். பாட்டு முழுசையும் பாடி முடிச்சேன். "அண்ணே, ஆரம்பிங்கண்ணே"ன்னாக. பாடி முடிச்சுட்டேன் ஆத்தான்னதும் தோட்டமே சிரிச்சுச்சு. மறுநாள் எனக்குப் பக்கத்துச் செடியில வந்து உக்காந்துக்கிட்டாக. பக்கத்துல இருந்தாத்தான் கேக்குது, சரி, பக்கத்துல இருப்போம்னாக.

அப்படித்தான் மறுபடி ஆரம்பிச்சுச்சு. நைலான் கம்பி போட்ட ஒரு கிடாரு வாங்குனேன். ஒரு வருஷத்துக்குள்ள ஒன்பது, பத்துப் பாட்டுச் சேந்துச்சு. போன்ல பதிவு பண்ணி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல துண்டு துண்டாப் போடுவேன். ஸ்டேட்டஸைப் பாத்தவுக யாருன்னு கீழ ஒரு வரிசை காட்டும்ல, அதுல தவறாம அவன் இருப்பான். என் கிடாருக்காரன். பாப்பான், ஒரு வார்த்தை எழுத மாட்டான். நானும் எழுத மாட்டேன். கூப்பிட வேண்டியவன் அவன், நான் எதுக்குக் கூப்பிடணும்? ஆனா ஸ்டேட்டஸ் போட்ட அடுத்த நிமிஷத்துலேருந்து போனை எடுத்து எடுத்து அவன் பாத்துட்டானான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். இதை வேற யாருகிட்டயும் சொன்னதில்ல.

போடியில ஒரு சின்ன மண்டபத்தைப் பிடிச்சு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தனியாப் பாடுறதுன்னு முடிவு பண்ணுனேன். டிரம்சு இல்ல, கூட்டம் இல்ல, நானும் கிடாரும் மட்டும். ஊரே திரண்டு வரணும்னு ஆசை இல்ல. அவன் வரணும். வந்து கடைசி வரிசையிலயாவது உக்காந்து, இப்ப எங்கிட்ட இருக்கற இந்தக் குரலைக் கேக்கணும். அவன் நல்லாருக்குன்னு சொன்னாத்தான் நான் மறுபடி பாட்டுக்காரன், இல்லேன்னா தோட்டத்துல முனகுறவன். இதுக்கு என்ன கணக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது. மனசு அப்படி நெனச்சுக்கிச்சு.

விளம்பரத்துக்கு பிளக்ஸ் அடிக்கணும். எனக்குத்தான் சென்னைத் திமிரு இன்னும் போகலையே! எல்லாரையும் மாதிரி ரோஸ் கலரும் பச்சைக் கலரும் அடிச்சு, நாலு பக்கமும் நட்சத்திரம் போட்டு வெக்கிறதா? ச்சீ. அடக்கமா, அழகா இருக்கட்டும்னு கருப்பு வெள்ளையில ஒரு போட்டோ எடுத்தேன். லேசாத் தலையைச் சாச்சு, எங்கேயோ தூரத்துல பாக்கற மாதிரி. அதை பிளக்ஸ் கடைக்காரத் தம்பிக்கு வாட்ஸ்அப்புல அனுப்புனேன். கீழ என் பேரு, ஞாயிறு மாலை ஆறு மணி, மண்டபத்தோட பேரு. அவ்வளவுதான், வேற எழுத்தே வேணாம், கலர் மட்டும் சேத்துராதன்னு கண்டிஷனா அதுலயே எழுதி விட்டேன். பாட்டுக் கச்சேரின்னு ஒரு வார்த்தை போடணும்னு எனக்குத் தோணவே இல்ல. நான் பாடாம வேற எதுக்கு பிளக்ஸ்ல நிக்கப் போறேன்?

சனிக்கிழமை விடியக்காலை பிளக்சைக் கட்டிட்டாக. நான் அதுக்கு முன்னாடியே ஜீப்பு ஏறித் தோட்டத்துக்குப் போயிட்டேன். மேல போன் எடுக்காது. சாயங்காலம் பொம்பளைகளோட இறங்கி வர்றோம், பஸ் ஸ்டாண்டு கிட்ட ஜீப்பு திரும்புது. "ஆத்தாடி!"ன்னு ஒரு அலறல். என்னமோ ஏதோன்னு டிரைவர் பிரேக்கை மிதிச்சுட்டாரு. நிமிந்து பாத்தா, மின்கம்பத்துக்கும் புளியமரத்துக்கும் நடுவுல நான் நிக்கிறேன். கருப்பு வெள்ளையில, தலையைச் சாச்சு. சுத்தி செவ்வந்திப்பூ மாலை. ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு எரியுது. பக்கத்து பிளக்ஸ்ல போன வாரம் தவறிப்போன ஒரு பெரியவரு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி தூரத்துல எங்கேயோ பாத்துக்கிட்டு இருக்கோம்.

ஜீப்புல எனக்கு எதுக்க உக்காந்திருந்த பொம்பளை என் கையைப் பிடிச்சு ஒரு கிள்ளு கிள்ளுச்சு. "சூடாத்தான் இருக்கு. அண்ணே, உங்களுக்கு ஆயுசு கெட்டி!"ன்னுச்சு. அவுக சிரிச்ச சிரிப்புல ஜீப்பே ஆடுச்சு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. நேரா பிளக்ஸ் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி என்னப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டான், முகத்துல ரத்தமே இல்ல. அப்புறம் சுதாரிச்சுக்கிட்டு, "உயிரோட இருக்கறவுகளுக்குக் கலர்லதானண்ணே போடுவோம்? நீங்க கருப்பு வெள்ளை குடுத்தீக, மண்டபம் போட்டீக, நேரம் போட்டீக. படத்திறப்புன்னு நெனச்சேன். யாரு அனுப்புனதுன்னுகூடக் கேக்கல. எழவு வீட்டு ஆள்கிட்ட அதெல்லாம் நோண்டக் கூடாதுன்னு விட்டுட்டேன்"னான். அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. இந்த ஊர்ல ஒருத்தன் பிளக்ஸ்ல கருப்பு வெள்ளையாத் தெரியறது ஒரே ஒரு காரணத்துக்குத்தான்னு ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான்தான் ஊரை மறந்து போட்டோ எடுத்திருக்கேன்.

வீட்டுக்கு வந்தா போன்ல செய்தியாக் கொட்டுது. யாரோ நம்ம பழைய ரசிகன் பிளக்சைப் படம் பிடிச்சு எல்லாப் பக்கமும் போட்டுட்டான். ஆழ்ந்த இரங்கல். கண்ணீர் அஞ்சலி. எங்க காலேஜ் நாளை உங்க பாட்டாலதான் தாண்டுனோம்னு ஒருத்தன். இவரு மாதிரி ஒரு குரல் இனிமே வராதுன்னு ஒருத்தன். அடப்பாவிகளா, இதைப் போன மாசம் சொல்லியிருந்தா என்ன, வாயா வலிச்சிருக்கும்? படிக்கப் படிக்க சிரிப்பு வந்துச்சு, அப்புறம் அழுகையும் வந்துச்சு. எல்லாத்தையும் தள்ளித் தள்ளி ஒரே ஒரு பேரைத் தேடுனேன். அவன்கிட்டேருந்து ஒண்ணும் இல்ல. ஒரு போன் இல்ல, ஒரு பூ பொம்மைகூட இல்ல. நான் செத்ததுக்குக்கூட அவன் அசையலையா? உயிரோட இருக்கேன், யாரும் பதற வேணாம்னு ஒரு ஸ்டேட்டஸ் போட்டேன். தூங்கி எந்திரிச்சுப் பாத்தப்பவும் அதைப் பாத்தவுக வரிசையில அவன் பேரு இல்ல.

ஞாயித்துக்கிழமை காலையிலயே கேதம் கேக்க, அதான் துக்கம் விசாரிக்க, ஆள் வர ஆரம்பிச்சுருச்சு. தூரத்துச் சொந்தம், அப்பாவோட ஏலக்காய் யாவாரம் பண்ணுனவுக, பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவன். வாசல்ல நான் நிக்கிறதைப் பாத்துட்டு ஒவ்வொருத்தரும் ஒரு மாதிரி. ஒருத்தரு கும்பிட்டுட்டாரு. ஒருத்தரு, "என்னப்பு, வெரசா வரணும்னு சாப்புடாம வந்துட்டேன்"னு என் மேலயே கோவிச்சுக்கிட்டாரு. எல்லாருக்கும் காப்பி போட்டுப் போட்டு எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. ஆனா உண்மையச் சொல்லணும்ல, அந்த வீட்டுல அத்தனை டம்ளரு ஒரே நேரத்துல புழங்கி எத்தனையோ வருஷமாச்சு. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

கூட்டம் கலைஞ்ச பிறகு, தெரு முனையில ஒருத்தன் நடந்து வந்தான். தலை நரைச்சிருச்சு, தொப்பை போட்டிருக்கு. கையில பிளாஸ்டிக் பையில ரோஜா மாலை. நடையை வெச்சே தெரிஞ்சுக்கிட்டேன். வாசல்ல வந்து நிமிந்து பாத்தான். பாத்தவன் பாத்தபடியே நின்னான். கண்ணு ரெண்டும் செவந்து வீங்கியிருந்துச்சு.

"சாகலையா?"ன்னான்.

"இல்ல மாப்ளே."

என் தோள்ல ஓங்கி ஒரு அடி அடிச்சான். இன்னொண்ணு அடிச்சான். அப்புறம் என் சட்டையைக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுதான். மாலையை என்ன பண்றதுன்னு தெரியல. எனக்கும் போட முடியாது, வீட்டுக்குள்ளயும் கொண்டாரக் கூடாது. சுவரு மேல வெச்சான். நாங்க உள்ள போறதுக்குள்ள எதுத்த வீட்டு ஆடு அதைத் தின்ன ஆரம்பிச்சுருச்சு.

காப்பி குடுத்தேன். பிளக்ஸ் கதையைச் சொன்னேன். குத்துவிளக்கு, செவ்வந்திப்பூ, பக்கத்துல அந்தப் பெரியவரு. அவன் பழையபடி குனிஞ்சு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சான். ஏண்டா ஒரு போன் பண்ணலைன்னேன். செத்தவனுக்கு எவன்டா போன் பண்ணுவான்னான். ஆளாளுக்கு என்னைப் பத்தி விசாரிக்கவும் தாங்காம போனை அணைச்சுட்டு பஸ் ஏறிட்டானாம். அந்தக் கொஞ்ச நேரம் அந்தப் பழைய ரூம்லயே இருக்கற மாதிரி இருந்துச்சு. அந்தத் தைரியத்துல கேட்டுட்டேன்.

"சாயங்காலம் இரு மாப்ளே. பாட்டைக் கேட்டுட்டுப் போ. பழைய குரல் இல்ல, இது வேற. நீ கேக்கணும்."

மிச்சக் காப்பியைக் குடிச்சு முடிச்சான். "ராத்திரி பூரா பஸ்ல உங்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டே வந்தேன்டா"ன்னான். "விழுப்புரம் தாண்டி, திருச்சி தாண்டி, வத்தலக்குண்டு வரைக்கும். நீ ஊமையாக் கிடந்தப்ப உனக்குத் தெரியாம அவனை ஏத்துனது, அப்புறம் உன்னப் பாக்க வராமலே இருந்தது, எல்லாத்தையும் சொன்னேன். நீ குறுக்க ஒரு வார்த்தை பேசல. மனசு எப்படி லேசாச்சு தெரியுமா?"

"இப்பவும் பேசாமக் கேக்கறேன். சொல்லு."

தலையை ஆட்டுனான். "செத்தவன்கிட்டச் சொன்னதை உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரல மாப்ளே."

"சொல்லவே வேணாம். பாட்டை மட்டும் கேளு."

"அதுக்குச் சொல்றதே தேவலாம்"னான். "ஸ்டேட்டஸ்ல துண்டு துண்டாக் கேக்கும்போதே என்னால முழுசாக் கேக்க முடியல."

சரி, மண்டபத்துக்கு வர வேணாம், இங்கயே ஒண்ணே ஒண்ணு பாடுறேன், உக்காருன்னு சொல்லிட்டு, கிடாரை எடுக்க உள்ள ஓடுனேன். எடுத்துக்கிட்டு வந்தா நாற்காலி காலியா இருக்கு. டம்ளரை ஓரமா வெச்சிருந்தான். வாசலுக்கு வந்து பாத்தேன், தெரு முனையைத் தொடப் போறான். கூப்பிடணும். கத்திக் கூப்பிடணும். வாயைத் திறந்தேன், காத்துதான் வந்துச்சு. ஒரு காலத்துல மைக்கு இல்லாமயே அந்தத் தெரு முழுக்கக் கேக்கறாப்ல கத்துனவன் நான். மாப்ளேன்னு சொன்னது எனக்கே சரியாக் கேக்கல. கையில கிடாரோட ஓடவும் முடியல. அவன் திரும்பிப் பாக்காம பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிட்டான்.

சாயங்காலம் மண்டபம் நெறஞ்சு போச்சு. செத்தவன் எந்திரிச்சு வந்து பாடுறான்னு ஊரே வேடிக்கை பாக்க வந்துருச்சு. சிலமலைப் பொம்பளைக தலை நெறையப் பூ வெச்சுக்கிட்டு முன் வரிசையைப் பிடிச்சிருந்தாக. பிளக்ஸ் தம்பி ராவோட ராவா ஒரு புது பிளக்ஸ் அடிச்சுட்டு வந்து மேடைக்குப் பின்னாடி கட்டியிருந்தான். கலர்ல. என் கன்னத்தை ஆப்பிள் மாதிரி ஆக்கி, உதட்டுக்குச் சாயம்கூட ஏத்தியிருந்தான். நான் மெதுவாப் பாடுனேன். எல்லாரும் மூச்சுவிடாமக் கேட்டாக. வேடிக்கை பாக்க வந்தாலும், கேத வீட்டுல அமைதியா உக்காந்து பழகுன கூட்டம். என் வாழ்க்கையில ஒரு கூட்டம் நான் பாடுற வார்த்தையை அப்படிக் கேட்டதே இல்ல. ரெண்டு பாட்டை மறுபடி பாடச் சொன்னாக. அடுத்த மாசம் தேனியில பாட வர்றீகளான்னு ஒருத்தரு கேட்டாரு. வர்றேன்னேன். ஜெயிச்சுட்டேன்னுதான் சொல்லணும்.

முடிஞ்சதும் மண்டப வாசல்ல நின்னு எல்லாருக்கும் கும்பிடு போட்டேன். ஒவ்வொருத்தரா வந்து சொன்னாக. "போயிட்டு வர்றோம்ணே." "வர்றேன் அப்பு." "வர்றேன்ப்பா, உடம்பைப் பாத்துக்க." ஒவ்வொருத்தருக்கும் சரி சரின்னு தலையாட்டிக்கிட்டே நின்னவனுக்கு, திடீர்னு உள்ள ஏதோ இடறுச்சு. எங்க பக்கம் எழவு வீட்டுலதான் போயிட்டு வர்றேன்னு சொல்ல மாட்டாக. அழ வேண்டியதை அழுதுட்டு, சொல்லிக்காம எந்திரிச்சுப் போயிருவாக, திரும்பியும் பாக்க மாட்டாக. காலையில கேதம் கேக்க வந்த அத்தனை பேரும் நான் உயிரோட இருக்கறதைப் பாத்துட்டு, காப்பியைக் குடிச்சுட்டு, வர்றேன்னு வாய் நெறையச் சொல்லிட்டுத்தான் போனாக. அவன் ஒருத்தன்தான் சொல்லல. அவ்வளவு தூரம் அழுதுக்கிட்டே வந்து, என்னைச் செத்தவனாவே வெச்சு எடுத்துப் போட்டுட்டுப் போயிட்டான். இனி வர மாட்டான்.